மெய்யைக் கடைசியில் பாருங்கள்

வணக்கம். கேமரா கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருக்கிற ஒரே முக்காலியை மேசை விளக்குக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று பிறகு புரியும்.

போன வீடியோவில் நிறையப் பேர் கேட்ட ஜப்பானிய வாள் இதுதான். இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், எச்சில் தெறித்தால் எஃகில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறிவிடும். வாளைப் பார்க்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே டோக்கியோவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் மரியாதை. வீடியோ போடுகிறவனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

இது வாகிசாஷி, நீளம் 53 சென்டிமீட்டர். 60.6 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கத்தானா, அதாவது நீள வாள். 30.3-ஐ எட்டாவிட்டால் தாந்தோ, அதாவது குறுவாள். நடுவில் நிற்பது வாகிசாஷி. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், கத்தானாவை விட விலை குறைவாகக் கிடைக்கும்.

3 வருடங்களுக்கு முன் ஓர் இணைய ஏலத்தில் எடுத்தேன். கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் காம்பைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். இந்தக் காம்புக்கு இங்கே நாககோ என்று பெயர். அதில் செதுக்கியிருந்த பெயர் நாகசோனே கொதெத்சு. எச்சிஸென் மாகாணத்தில் கவசம் செய்துகொண்டிருந்த மனிதர், ஏறக்குறைய 50 வயதில் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு வந்து வாள் அடிக்கத் தொடங்கினார். 17-ஆம் நூற்றாண்டின் பெரிய பெயர்களில் ஒருவர். ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொதெத்சு கிடைக்கிறதே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

போதாக்குறைக்கு அரசாங்கப் பதிவுச் சீட்டு வேறு இருந்தது. அதிலும் கொதெத்சு என்றே எழுதியிருந்தது. அரசாங்கமே சொன்ன பிறகு என்ன சந்தேகம் என்று நினைத்தேன். அந்தச் சீட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த நீளம், இந்த வளைவு, ஆணித்துளை இத்தனை, காம்பில் இப்படிச் செதுக்கியிருக்கிறது. செதுக்கியது யார் என்று அது சொல்வதே இல்லை. சீட்டு இல்லாத வாளை ஜப்பானில் வைத்திருக்கவே கூடாது, கை மாறினால் 20 நாளுக்குள் மாவட்டக் கல்வி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

கையெழுத்துக்கு இங்கே என்ன சொல் தெரியுமா? மெய். தமிழ்க் காது ஏமாறாமல் என்ன செய்யும்! பொய்க் கையெழுத்துக்கு கிமெய் என்பார்கள். 'கொதெத்சுவைப் பார்த்தால் போலி என்று நினை' என்று ஒரு வழக்கே உண்டு. அதை நான் கேள்விப்பட்டது பணம் போன பிறகு.

வாள் ரசிகர்கள் கூடும் ஓர் இடத்துக்கு இதைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு விளையாட்டு நடந்தது. காம்பை முழுதாக மூடிவிட்டு அலகை மட்டும் காட்டுவார்கள். செய்தவர் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். என் வாளைப் பார்த்த பெரியவர் ஒருவர் கையெழுத்துப் பக்கம் திரும்பவே இல்லை. முதலில் கையை நீட்டி நிமிர்த்திப் பிடித்து உருவத்தைப் பார்த்தார். கொதெத்சு காலத்து வாள்களில், அதாவது 1661 முதல் 1673 வரையிலான கான்புன் காலத்தில், வளைவு மிகக் குறைவு. நுனி நோக்கி நன்றாக ஒடுங்கும். என்னுடையது அகலமாக, பெரிய முனையோடு இருக்கிறது. இது 19-ஆம் நூற்றாண்டு உடம்பு. பாதிக் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

அப்புறம் ஹாமோன். வாளைக் காய்ச்சி நீரில் தோய்ப்பதற்கு முன் களிமண் பூசுவார்கள், முதுகில் தடிமனாக, கூரில் மெல்லியதாக. கூர் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாக ஆறும். அந்த இரண்டும் சந்திக்கிற எல்லைதான் ஹாமோன். அதில் பனிமூட்டம் போல இருப்பது நியொய், தனித்தனி மணலாக மின்னுவது நியே. அமிலம் தடவி வரைந்த பொய்க்கோட்டில் இந்த மூட்டம் வராது, வெறும் சாம்பல் பூச்சாக நிற்கும். கொதெத்சுவின் பிற்கால வேலையில் ஹாமோன் ஜபமாலை மணிகளைக் கோத்தது போல வரும், நியே கொட்டிக் கிடக்கும். என்னுடையதில் இருப்பது நேர்க்கோடு. அசல்தான், ஆனால் வேறொருவர் கை.

கடைசியில்தான் காம்பு. துரு கருத்து, வழுவழுப்பாக இருக்கிறது. எழுத்துக் குழிக்குள் மட்டும் துரு இளசு. வாளுக்குப் பின்னால் பிறந்த கையெழுத்து! கடவுளே, இந்தத் துருவை மட்டும் யாரும் சுரண்டிவிடாதீர்கள். வயதைச் சொல்லும் முக்கியமான சாட்சி அது. அலகையும் உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு குறையும், போனது திரும்பாது. கூரில் குறுக்காக ஒரு முடி அளவு விரிசல் தெரிந்தால், அதற்கு ஹாகிரே என்று பெயர், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் ஜப்பான் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் தருகிறது. இப்போதைய தர வரிசை 1982-இல் வந்தது. அதற்கு முந்தைய அவர்களுடைய பழைய சான்றுகளைச் சந்தை அப்படியே நம்புவதில்லை. பொய்க் கையெழுத்து இருந்தால் சான்று கிடைக்காது. அழித்துவிட்டு அனுப்பினால் கிடைக்க வாய்ப்பு உண்டு என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. பொய்யோ மெய்யோ, அதுவும் இந்த வாளுக்கு நடந்த ஒன்றுதானே.

பணம் போடுவதற்கு முன் ரியோகோகுவில் அந்தச் சங்கத்தின் அருங்காட்சியகத்துக்கு நாலு முறையாவது போய் வாருங்கள். கண்ணாடிப் பெட்டி முன் நின்று முழங்காலை மடக்கி ஏறி இறங்கினால்தான் விளக்கொளி அலகில் ஓடி ஹாமோன் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்புக்கரணம் போடுவது போல இருக்கும். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், வெட்கப்படாதீர்கள்.

சரி, இப்போது அறை விளக்கை அணைக்கிறேன். முக்காலியில் இருக்கும் ஒற்றைப் பல்பு மட்டும் போதும். உறையைத் திறக்கப் போகிறேன். இனி 2 நிமிடம் என் குரல் வராது.