கரையில் இறங்கும் அந்தச் சில மணி நேரம்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும், பின்னால் இடம் கிடைக்காமல் நிற்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நானும் என் வீட்டுக்காரரும் கப்பலில் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இங்கிருந்து ரீயூனியன், அப்புறம் மொரீஷியஸ், அங்கிருந்து சீஷெல்ஸ், திரும்ப டர்பன். கப்பல் எப்படி, சாப்பாடு எப்படி, காசு எவ்வளவு ஆனது என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

உறவைத் தேட வேண்டும் என்றால் நாம் உடனே இந்தியா பக்கம் பார்க்கிறோம். பாட்டனார் ஊர் எது என்று பழைய கப்பல் பதிவுகளைப் புரட்டுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் நம் பாட்டனார் கப்பலேறிய அதே காலத்தில், அதே வறுமையில், அதே கரும்புக்காகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நமக்குக் கிழக்கே நாலு நாள் கடல் தூரத்தில் இருக்கிறார்கள். இங்கிருந்து வருஷா வருஷம் கப்பலில் அங்கே போகிறவர்கள் கடலில் குளித்துவிட்டு, சட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அண்ணன் தம்பி வீட்டு வாசல் வரை போய்விட்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் வருவதைப் போல எனக்குப் படுகிறது.

சரி, முதலில் கடல்.

துறைமுக வாயைத் தாண்டி, பிளஃப் மேடு பின்னால் போனதுமே கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. நம் கரையை ஒட்டி அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கே பாய்கிறது. தென்மேற்குக் காற்று அதற்கு எதிராக அடித்தால் அலை சுவர் மாதிரி எழும்பும். 1909-ல் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பிய வாராட்டா கப்பல் 211 பேரோடு காணாமல் போனது இந்தக் கரையோரத்தில்தான். இன்றைக்கு வரை அது கிடைக்கவில்லை. நாங்கள் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுத்திருந்தோம். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஜன்னல் இல்லை, விலையும் குறைவு. பால்கனி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வயிற்றையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி இவருக்குத் தூக்கம் வரவில்லை. “ட்ரூரோவில் வந்தவர்கள் எப்படிப் படுத்திருப்பார்கள்?” என்றார். 1860 அக்டோபரில் சென்னையில் கிளம்பிய அந்தக் கப்பல், நவம்பர் 16-ல் 342 பேரோடு இங்கே வந்து சேர்ந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து வந்த பெல்விடியரில் காலரா. 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நட்டால் பகுதிக்குக் கூலி வேலை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர், பெரும்பகுதி சென்னையில் ஏறியவர்கள். இந்தக் கணக்கை நாம் மேடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். கடலுக்கு நடுவில், இருட்டில், பலகை கிறீச்சிடும் சத்தத்தோடு அதை நினைப்பது வேறு. ஒரு மாதத்துக்கு மேல் அவர்கள் இப்படிக் கிடந்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது தைப்பூச விரத நாட்களில். அந்த வருஷம் இங்கே காவடி எடுக்க முடியாது என்று தெரிந்துதான் கிளம்பினோம், விரதத்தை மட்டும் விடவில்லை. கப்பலில் தீ கூடாது. கற்பூரம், ஊதுபத்தி, அகல் எதுவும் கேபினில் ஏற்ற முடியாது. கண்ணாடி மேஜையில் சின்ன முருகன் படத்தைச் சாய்த்து வைத்து, பேட்டரி விளக்கை முன்னால் வைத்துக் கும்பிட்டோம். கிழக்கே போகப் போக மணியை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளச் சொல்லி ராத்திரி அறிவிப்பு வரும். ரீயூனியன் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால். விளக்கு வைக்கும் நேரம் எது என்று எனக்கும் இவருக்கும் தினமும் ஒரு வாக்குவாதம்.

சமையல்கட்டில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். நான் இவரிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, “அம்மா, நீங்க தமிழா? ஆப்பிரிக்காவிலேயா?” என்று நின்றுவிட்டான். மறுநாளிலிருந்து மத்தியானம் எங்கள் மேஜைக்கு ஒரு கிண்ணம் ரசம் வந்தது. அவன் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கு ஆகிறதாம். ஒப்பந்தம் முடிந்தால்தான் போக முடியும் என்றான். ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் என்னைப் பார்த்தார்.

ரீயூனியனில் கப்பல் மேற்குக் கரையில் நிற்கும். எல்லோரும் எரிமலை பார்க்கக் கிளம்பினார்கள். நாங்கள் டாக்சி பிடித்துக் கிழக்கே சாந்தாந்திரே ஊருக்குப் போனோம். ரோட்டோரம் கடைப் பலகைகளில் முத்துசாமி, ராமசாமி என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள். அங்கே அடிமை முறை ஒழிந்தது 1848-ல். அதற்குப் பிறகு கரும்புக்கு ஆள் வேண்டி புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்தும், பின்னால் ஆங்கிலேயர் பகுதிகளிலிருந்தும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நடத்திய விதம் பொறுக்காமல் 1882-ல் ஆங்கிலேயரே ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். வந்தவர்களை அங்கே மல்பார் என்கிறார்கள். பதிவேட்டில் ஒரு கிறிஸ்தவப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், வெள்ளிக்கிழமை அம்மன். இரண்டையும் விடாமல் பல குடும்பங்கள் இன்றும் நடத்துகின்றன. திரௌபதிக்குத் தீ மிதிக்கிறார்கள், நம்மைப் போலவே.

கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குத் தமிழ் பேச வராது. எனக்குப் பிரெஞ்சு வராது. அவர் மடியில் ஒரு பழைய நோட்டு. பிரித்துக் காட்டினார். அம்மன் பாட்டு, முழுக்கப் பிரெஞ்சு எழுத்தில். தமிழ் எழுத்துத் தெரியாத தகப்பனார் காதால் கேட்டு எழுதி வைத்ததாம், டாக்சிக்காரர் சொன்னார். என் பையில் நம் கோயில் பாட்டு நோட்டு இருந்தது. வகுப்புப் பிள்ளைகளுக்காக இங்கிலீஷ் எழுத்தில் நான் எழுதியது. முதல் அடியை நான் பாடினேன். இரண்டாவது அடியை அவர் பாடினார். மெட்டு கொஞ்சம் இழுவை, உச்சரிப்பு வேறு, பாட்டு அதே பாட்டு. முடிகிற வரை ரெண்டு பேரும் நிறுத்தவில்லை. அவருக்கும் கண்ணீர், எனக்கும் கண்ணீர்.

அங்கிருந்து மொரீஷியஸ் ஒரே ராத்திரி. போர்ட் லூயி துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, கப்பலில் வந்த தொழிலாளர்கள் இறங்கிய அப்ரவாசி காட் என்ற படித்துறை இருக்கிறது. 1834 நவம்பர் 2-ல் தொடங்கி, கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். யுனெஸ்கோ 2006-ல் அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பதினாறு கல்படிகள். கப்பலிலிருந்து இறங்கியவன் அதில் ஏறித்தான் உள்ளே போகவேண்டும். இவர் ஒவ்வொரு படியையும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே ஏறினார்.

ஆனால் அவரை உலுக்கியது வேறொன்று. இவர் வடகரையில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். பாம்ப்ளமூஸ் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் கறுப்புக் கல் குவியல்கள். ஒன்று இரண்டு இல்லை, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். எரிமலைக் கல். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனார். “நம்ம ஊரில் இது கிடையாதே. இந்தக் கல்லை எல்லாம் யார் பொறுக்கினது?” என்று கேட்டார். முதலில் அடிமைகள், அப்புறம் நம்மவர்கள், கையால் பொறுக்கி, தலையில் சுமந்து அடுக்கியது என்றார் ஓட்டுநர். அதற்கப்புறம்தான் கரும்பு நட இடமே கிடைத்திருக்கிறது. இவர் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தார். ரெண்டு கையும் வேண்டியிருந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

அந்த நாட்டில் தைப்பூசம் அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு. 1998-ல் புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டபோது தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. வீட்டில் பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் மொழி பேசுகிற ஜனங்கள்தான் நோட்டில் உள்ள எழுத்துக்காகத் தெருவுக்கு வந்தார்கள். இதை நம் இளைஞர்கள் கேட்க வேண்டும். கைலாசம் என்று சொல்லப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலில் தைப்பூச வேலை நடந்துகொண்டிருந்தது. காவடிக்குப் பூக் கட்டும் பெண்கள் எனக்கும் ஒரு கூடையைக் கொடுத்தார்கள். டர்பன் என்றதும், “காந்தி அங்கேயிருந்துதானே இங்கே வந்தார்?” என்றார் ஓர் அம்மா. உண்மைதான். 1901-ல் இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் போனபோது வழியில் மொரீஷியசில் இறங்கி, தொழிலாளர்களின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சீஷெல்ஸ் சின்ன ஊர். விக்டோரியாவில் 1992-ல் கட்டிய நவசக்தி விநாயகர் கோயில், கடைத்தெருவுக்குப் பக்கத்தில். தேங்காய் உடைத்தோம், திரும்பினோம்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கப்பல்காரர்களின் சுற்றுலாவில் கோயில் பெரும்பாலும் இருக்காது. வெளி டாக்சியில் போனால் கப்பல் காத்திருக்காது, ஏறவேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். சாந்தாந்திரே பெரியவர் நம் பாட்டு நோட்டில் ஒரு பிரதி கேட்டிருக்கிறார். இங்கிலீஷ் எழுத்து அவர்களுக்கு உதவாது, தமிழ் எழுத்திலும் பிரெஞ்சு எழுத்திலும் எழுத வேண்டும். பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் ரெண்டு பேராவது இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். நோட்டைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.