ஹார்லிக்ஸ் குடும்பத்து மிலிட்டரிக்காரர் ஒரு தீவையே வாங்கின கதை | கீயா வ்லாக்

வணக்கம் மக்களே, காத்து சத்தம் ஓவரா கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மைக்குக்கு பஞ்சு உறை எல்லாம் மாட்டிட்டேன், அதையும் மீறி அடிக்குது. ஸ்காட்லாந்து மேற்குக் கரையில கின்டைர்னு ஒரு நிலம் நீளமா கடலுக்குள்ள இறங்கியிருக்கும், அங்க டேயின்லோன்ல ஃபெர்ரி ஏறினா 20 நிமிஷம், இந்த கீயா தீவு வந்துரும். நீளம் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் இருக்கும், அகலம் ரொம்பக் கம்மி. இப்ப நான் நிக்கிறது ஆக்கமோர் தோட்டத்துல. இதை உருவாக்கினவர் பேரு சர் ஜேம்ஸ் ஹார்லிக். ஆமாங்க, அதே ஹார்லிக்ஸ்தான், காய்ச்சல் வந்தா பன்னு பிஸ்கட்டோட ஒரு டம்ளர் நீட்டுவாங்களே, அந்த ஹார்லிக்ஸ்.

அதைக் கண்டுபிடிச்சது இவரோட அப்பாவும் சித்தப்பாவும். அப்பா பேரும் ஜேம்ஸ்தான், மருந்து தயாரிக்கறவர். சித்தப்பா வில்லியம். இங்கிலாந்துல க்ளாஸ்டர்ஷயர்ல இருந்து அமெரிக்கா போய் 1873-ல சிகாகோவுல கம்பெனி ஆரம்பிச்சு, 1883-ல பேட்டன்ட் வாங்கி, அப்புறம் அப்பா மட்டும் 1890-ல இங்கிலாந்து திரும்பிட்டாரு, லண்டன் பக்கத்துல ஸ்லவ்ங்கற ஊர்ல பெரிய ஃபேக்டரி வந்துச்சு. நம்ம ஆளு பிறந்தது 1886-ல, வளர்ந்தது காசுக்குக் கவலை இல்லாத வீட்டுல. ஈட்டன்ல ஸ்கூல், ஆக்ஸ்ஃபோர்டுல காலேஜ், க்ளாஸ்டர்ஷயர் டீமுக்கு கொஞ்சம் முதல்தர கிரிக்கெட், அப்புறம் முதல் உலகப்போர்ல கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் ரெஜிமென்ட், மிலிட்டரி க்ராஸ்னு வீரத்துக்குக் குடுக்கற பதக்கம் வாங்கி லெஃப்டினென்ட் கர்னல் வரைக்கும் போனாரு. 1923-ல இருந்து 29 வரைக்கும் க்ளாஸ்டர் தொகுதி எம்.பி. வேற. இதையெல்லாம் நான் வேகமா ஓட்டறேன், ஏன்னா பணக்கார வீட்டுப் பையன் அந்தக் காலத்துல என்னென்ன செய்வானோ அதுதான் இது எல்லாம், எனக்கு இதுல பெருசா சுவாரஸ்யம் இல்ல.

சுவாரஸ்யம் எங்க ஆரம்பிக்குதுன்னா, இவருக்கு ரோடோடென்ட்ரான் பைத்தியம். ஊட்டி, கொடைக்கானல் சோலைப் பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க, முறுக்கிக்கிட்டு நிக்கற மரம், செக்கச்செவேல்னு கொத்துக் கொத்தா பூ, காட்டுப்பூவரசுன்னு சொல்லுவாங்க, அதுவும் இந்த ஜாதிதான். ஆனா இதோட பெரிய பெரிய சொந்தக்காரங்க எல்லாம் இமயமலை, நாகாலாந்து, மணிப்பூர், பர்மா, சீனாவோட யுன்னான் பக்கம். இவரு அந்த மலையெல்லாம் ஏறினவர் இல்ல, அதைத் தெளிவா சொல்லிடறேன், கிங்டன் வார்ட் மாதிரி ஆளுங்க உயிரைப் பணயம் வச்சு விதை கொண்டு வருவாங்க, இவரு அதை வளர்ப்பாரு, ஒண்ணோட ஒண்ணு கலந்து புது ரகம் எடுப்பாரு. வடக்கு பர்மாவுல கிடைச்ச ஒரு இனத்துக்கு ரோடோடென்ட்ரான் ஹார்லிக்கியானம்னே பேர் வச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க.

பிரச்சனை என்னன்னா அவரு இருந்தது ஆஸ்கட் பக்கத்துல டிட்னஸ் பார்க்ங்கற வீட்டுல, அங்க குளிர்காலத்துல உறைபனி, மென்மையான ரகம் எல்லாம் கருகிப் போகும். அதனால 1944-ல, போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, 58 வயசுல, இந்தத் தீவை வாங்கறாரு. தோட்டம் போட இடம் வேணும்னு தீவையே வாங்கறதெல்லாம் வேற லெவல். அட்லாண்டிக்ல இருந்து வர்ற வெதுவெதுப்பான நீரோட்டத்தால இங்க உறைபனி ரொம்பக் குறைவு, மழைக்குப் பஞ்சமே இல்ல, மண்ணு புளிப்பு மண்ணு, இந்தச் செடிக்கு அதுதான் வேணும். ஒரே ஒரு வில்லன்தான், இப்ப என் மைக்ல கேக்குதே, இந்த உப்புக்காத்து.

இங்கதான் அவரோட மூளை. இந்த வீட்டை 1884-ல கட்டின ஸ்கார்லெட் குடும்பம், வேட்டைக்கு காட்டுக்கோழி ஒதுங்கட்டும்னு சுத்திலும் மரம் நட்டு வச்சிருந்துச்சு. இவரு அதை மொத்தமா வெட்டித் தள்ளல. காட்டுக்குள்ள அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, ரூம் ரூமா திறந்துவிட்டு, சுத்தி இருக்கற மரத்தை காத்துக்குத் தடுப்பா அப்படியே விட்டுட்டாரு. கிட்டி லாயிட் ஜோன்ஸ்னு தோட்டக்கலை தெரிஞ்ச ஒரு அம்மா இதுல கூட இருந்து வழி சொல்லியிருக்காங்க, அவங்க பேரை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. இப்ப பாருங்க, இந்த வளைவு தாண்டி உள்ள வரேன்... கேக்குதா? சத்தமே அடங்கிப் போச்சு. பத்து அடி வித்தியாசம்தான்.

இந்த மரத்தைக் காட்டறேன், ஃபோகஸ் ஆகுதா, இது மக்காபீனம்னு ஒரு ரோடோடென்ட்ரான், நாகாலாந்து மணிப்பூர் மலையோடது. இலை என் முழங்கை நீளம் இருக்கு, மேல பளபளன்னு கரும்பச்சை, திருப்பினா பாருங்க அடியில வெள்ளையா பஞ்சு மாதிரி, விரல்ல தேய்ச்சா கொஞ்சம் உதிருது. பூ மஞ்சள், உள்ள எட்டிப் பாத்தா அடியில ஊதாக் கறை. இந்தப் பெரிய இலை ரகம் விதையில இருந்து வந்து பூக்க பத்து பதினஞ்சு வருஷம்கூட இழுக்கும். அறுபதை நெருங்குற வயசுல இதை ஆரம்பிக்க ஒரு தைரியம் வேணும். ஆனா மனுஷன் 86 வயசு வரைக்கும் இருந்தாரு, 1972 டிசம்பர் 31-தான் இறந்தாரு, நிறைய பூவை கண்ணால பாத்திருப்பாரு.

தீவுல பால் பண்ணைகளையும் இவர் நல்லாவே எடுத்து நடத்தினாருன்னு சொல்றாங்க, நான் அதை மறுக்கல. ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. 1962-ல இவரு என்ன பண்றாரு, தன்னோட செடிகளை எல்லாம் ஸ்காட்லாந்து நேஷனல் ட்ரஸ்ட்டுக்கு, அதாவது பழைய தோட்டம், கட்டடம் எல்லாம் பாதுகாக்கற அமைப்புக்கு, எழுதி வைக்கறாரு, பராமரிக்க பணமும் சேர்த்து. செடியை மட்டும்ங்க, நிலத்தை இல்ல! ஆக தனக்கு அப்புறம் செடி என்ன ஆகும்னு யோசிச்சு ஏற்பாடு பண்ணிட்டாரு, இங்க வாடகைக்கு குடியிருந்த ஜனங்க என்ன ஆவாங்கன்னு அதே அளவுக்கு பண்ணல. அவரு போனதும் தீவு கை மாறிச்சு, மறுபடி மாறிச்சு, ஒரு ஓனர் கடன்ல மாட்டி தீவு பேங்க் கைக்கே போச்சு. வீடுங்க பெரும்பாலும் ஓட்டை உடைசல், ஜனத்தொகை நூத்துக்கும் கீழ, 98 பேருக்கு வந்துருச்சு.

கடைசியில 2002 மார்ச்ல ஊர்க்காரங்களே சேர்ந்து 4 மில்லியன் பவுண்டுக்கு தீவை வாங்கிட்டாங்க. மானியம் போக, 1 மில்லியன் கடனா வாங்கினதைத் திருப்பிக் கட்டணும், அதுக்கு இந்த ஆக்கமோர் பங்களாவை வித்தாங்க, தோட்டத்தை வச்சுக்கிட்டாங்க. அப்புறம் 2004-ல செகண்ட் ஹேண்ட்ல 3 காத்தாலை வாங்கி நிறுத்தி கரன்ட் விக்கறாங்க, அந்த வருமானம் ஊருக்கு. ஹார்லிக் மரத்தை வச்சு தடுத்த அதே காத்துதான், இவங்க அதுல சம்பாதிக்கறாங்க, செம இல்ல? ஜனத்தொகையும் 160 பக்கம் ஏறுச்சு.

அந்தக் காத்தாலைங்க தெக்குக் கோடியில இருக்கு, சைக்கிள் எடுத்துட்டு அங்கதான் போகப்போறேன், அது தனி வீடியோவா போடறேன். இங்க வரணும்னு நினைக்கறவங்க ஏப்ரல் கடைசி, மே மாசம் பாத்து வாங்க, ஜூலையில வந்துட்டு வெறும் இலையா இருக்குன்னு கமெண்ட்ல வந்து திட்டாதீங்க.