பிபி ஸ்டடி பண்ணப் போறீங்களா? மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. "எங்க ஊர்ல எத்தனை பேருக்கு பிபி இருக்கு"ன்னு தீசிஸ்க்கு ஒரு ஸ்டடி எடுக்கலாம்னு இறங்குறவங்க நிறைய பேர், மெஷின் ஒண்ணு வாங்கி, ஃபார்ம்ல ஐம்பது கேள்விய அடிச்சுப் போட்டு வீடு வீடா கிளம்பிடுறாங்க. கொஞ்சம் நில்லுங்க. பிபி உயரம் மாதிரி இல்ல, அதே ஆளு மாடி ஏறி வந்ததும் ஒண்ணு காட்டும், உக்காந்து ஆறினப்புறம் வேற ஒண்ணு காட்டும். இதுல எந்த நம்பர் நம்ம நம்பர்?

[திரையில்: நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர், கை மேஜை மேல்]

அதை முதல்லயே எழுதி வைக்கணும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும், முதுகுக்கு சாய்மானம், கால் தரையில, கை நெஞ்சு மட்டத்துக்கு, அளக்குறதுக்கு முந்தின அரை மணி நேரம் காபி பீடி கிடையாது, அளக்கும்போது பேச்சு கிடையாது (நம்ம ஊர்ல இதுதான் கஷ்டம், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து நிப்பாங்க). பருத்த கைக்கு சின்ன கஃப் (கைல சுத்துற பட்டை) கட்டினா பிபி இல்லாதவருக்கும் கூடுதலா காட்டும், அதனால ரெண்டு மூணு சைஸ் கைல இருக்கணும். உலக சுகாதார நிறுவனத்தோட ஸ்டெப்ஸ் சர்வேல மூணு தடவை அளந்து கடைசி ரெண்டோட சராசரியத்தான் எடுத்துக்குறாங்க, ஏன்னா முதல் தடவை பதட்டத்துலயே பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும்.

அடுத்தது எதை எழுதுறதுங்கிறது. "பிபி உண்டு / இல்ல"ன்னு டிக் அடிக்கிற ஃபார்ம் வச்சிருந்தா தயவுசெஞ்சு கிழிச்சுப் போடுங்க. 2017ல அமெரிக்க இதய அமைப்புகள் எல்லைய 140/90லேருந்து 130/80க்கு இறக்கினாங்க, அப்போ நம்பரா எழுதி வச்சிருந்தவங்க புதுசா எண்ணிக்கிட்டாங்க, டிக் அடிச்சவங்க என்ன பண்ணுவாங்க? மூணு ரீடிங்கையும் தனித்தனியா எழுதுங்க, சராசரிய கம்ப்யூட்டர் போட்டுக்கும். மாத்திரை சாப்பிடுறவருக்கு 120/80 வந்தா அவரு நோயாளி இல்லன்னு ஆயிடாது, அதனால மாத்திரை அட்டைய வாங்கிப் பாத்து பேர எழுதுங்க, "சுகருக்கா பிரஷருக்கா"ன்னு அவங்களுக்கே பல நேரம் தெரியாது.

வயசும் இப்படித்தான். கேட்டா அம்பது, அறுபதுன்னு முழுசா வரும். பர்த் சர்டிபிகேட் இல்லாத பாட்டிகிட்ட தனுஷ்கோடி புயலப்போ, அதான் 1964, கல்யாணம் ஆயிடுச்சா, கைல குழந்தை இருந்துச்சான்னு கேட்டா கிட்டத்தட்ட பிடிச்சுடலாம். உங்க ஊருக்குத் தகுந்த மாதிரி இப்படி ஒரு லிஸ்ட் போட்டுக்கோங்க.

[திரையில்: எக்செல் கட்டம், ஒரு செல்லில் 999]

விட்டுப்போன ரீடிங்குக்கு 999 போடுற பழக்கம் வேணாம், ஒருத்தர் அதை எடுக்க மறந்தா போதும், சராசரி எங்கயோ போயிடும். காலியா விட்டுட்டு பக்கத்துல காரணம் எழுதுங்க: வீட்டுல இல்ல, மறுத்துட்டாங்க, கஃப் பத்தல. போன்லயே ஃபார்ம் நிரப்புற கோபோ டூல்பாக்ஸ்ல கீழ் நம்பர் மேல் நம்பரைத் தாண்டினா ஏத்துக்காத மாதிரி வச்சுடலாம்.

பாதரச மெஷின்னா இன்னொரு சோதனை. அதுல கோடு ரெண்டு ரெண்டா போகும், அதனால 0, 2, 4, 6, 8 ஒவ்வொண்ணுலயும் முடியுறது சுமாரா 20 சதவீதம் வரணும். அளக்கப் போன ஒருத்தரோட ரீடிங்ல பாதி பூஜ்யத்துலயே முடிஞ்சா அவரு அளக்கல, ரவுண்ட் பண்றாரு. இதை வாராவாரம் ஆள்வாரியா பாருங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல, திரும்பப் போய் அதே ஆளை அதே நிலைமையில அளக்க முடியாது.