புக்கிட் பிரவுன்: கல்லறையையும் பதிவேட்டையும் இணைப்பது எப்படி?

[காட்சி: மரங்கள் அடர்ந்த குன்றுச் சரிவில் சீனக் கல்லறைகள்]

சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன், 1922இல் சீனர்களுக்கான நகராட்சி இடுகாடாகத் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள் உள்ள அந்த நிலத்தின் ஊடே சாலை அமைக்கப்படும் என்று 2011இல் அரசு அறிவித்தது. அதற்காக அகற்றப்படவிருந்த சுமார் 4,000 கல்லறைகளை, மானுடவியலாளர் ஹுய் யூ ஃபூங் தலைமையிலான குழு ஆவணப்படுத்தியது.

படம் பிடித்தால் போதாதா என்று தோன்றலாம், போதாது.

[காட்சி: கையால் எழுதப்பட்ட அடக்கப் பதிவேட்டின் பக்கம்]

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அடக்கப் பதிவேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கல்வெட்டோ சீன எழுத்தில், இறந்தவரின் பூர்வீக ஊரையும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது. ஒரே குடும்பப் பெயரை, சீன வட்டார மொழிகளான ஹொக்கியன் பேசுபவர் டான் என்றும் கான்டனீஸ் பேசுபவர் சான் என்றும் உச்சரிப்பதால், பெயரை மட்டும் கொண்டு பதிவேட்டில் ஒருவரைத் தேடுவது பெரும்பாலும் வீண். கல்லறை எண்தான் இரண்டையும் உறுதியாக இணைக்கிறது; ஆகவே கள ஆய்வில் முதலில் குறிக்க வேண்டியது அதுவே.

[காட்சி: பக்கவாட்டு வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்துகள்]

தேய்ந்த எழுத்துகளின் மீது சுண்ணக்கட்டியைத் தேய்க்காமல், பக்கவாட்டிலிருந்து ஒளியைப் பாய்ச்சினாலே நிழல் விழுந்து வரிகள் தெளிகின்றன. ஆண்டுகளை வாசிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சீனக் குடியரசு ஆண்டு என்றால் 1911ஐக் கூட்ட வேண்டும். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்துக் கற்கள் சிலவற்றில், ஜப்பானிய ஆண்டுக்கணக்கின்படி 2602 என்று காணப்படுகிறது. அதிலிருந்து 660ஐக் கழித்தால் 1942 கிடைக்கும். கல்லில் உள்ள எண்ணையும் மாற்றிய ஆண்டையும் தனித்தனிப் புலங்களில் பதிந்தால்தான், கணக்கில் பிழை நேர்ந்திருந்தாலும் பின்னால் வருபவர் திருத்த முடியும்.

[காட்சி: வரைபடத்தில் நெருக்கமான புள்ளிகள்]

அடர்ந்த மரநிழலில் ஜிபிஎஸ் பல மீட்டர் விலகக்கூடும். அடுத்தடுத்த கல்லறைகளுக்கிடையே அவ்வளவு இடைவெளி பல இடங்களில் இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு கல்லறைக்கும் எண்ணிட்ட முளை அடித்து, அண்டைக் கல்லறைகளின் எண்களையும் சேர்த்துக் குறிப்பது நல்லது.

எண் அழிந்து, பெயரும் ஐயத்துக்குரியதாக இருந்தால், கல்லையும் பதிவேட்டு வரியையும் ஊகத்தால் இணைக்காமல் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்க வேண்டும். கல்லறைகளுக்குச் சென்று முன்னோரை வழிபடும் சிங்மிங் காலத்தில் ஊதுவத்தி ஏற்ற வரும் குடும்பம், இந்தப் பதிவுகளிலிருந்து உருவாகும் வரைபடத்தை நம்பித்தான் குன்றேறுகிறது.