மறைச்ச தலையும் அணைஞ்ச டிவியும்

நடுவர் ஐயாவுக்கும், மேடைக்கு வந்தும் போனை விடாத எதிரணி நண்பர்களுக்கும், இந்த மலைநாட்டுக் குளிர்லயும் எழும்பிப் போகாம உட்கார்ந்திருக்கிற ஹட்டன் சனங்களுக்கும் வணக்கம். நேரம் கொஞ்சம்தான், வணக்கத்தை இத்தோட முடிச்சுக்குவோம்.

படமோ, காமிக்ஸோ, வெப் சீரிஸோ, ரசிகனுக்குச் சுகம் கூட்டத்தோட பார்க்கிறதுலயா, தனியாக் கையில வச்சுப் பார்க்கிறதுலயா? கூட்டத்தோடதான்னு பேச வந்திருக்கேன். நாலு பாயிண்டும் எழுதிக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா எனக்கு முன்னால பேசின தம்பி போகிற போக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போயிட்டாரு. "கூட்டத்துல உட்கார்ந்து படம் பார்த்தவங்களுக்குப் படமா விளங்கிச்சு? முன்னால இருந்தவன் தலைதான் விளங்கிச்சு." நீங்களும் கைதட்டினீங்க. யார் யார் தட்டினதுன்னு நான் பார்த்து வச்சிருக்கேன்.

தம்பி, இந்தா, பேப்பரை மடிச்சுப் பையில வச்சுட்டேன். இன்னைக்குத் தலையைப் பத்தித்தான் பேச்சு.

இலங்கை அரசாங்க டிவி ரூபவாஹினி தொடங்கினது 1982ல. அது எங்க தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, அதான் எங்க லயத்துக்கு, ஏறி வர இன்னும் எத்தனையோ வருஷம் போச்சு. லயத்துக் கடைசி வீடு, தொங்கல் காம்பராவுல, லொறி ஓட்டுற மாமா ஒருத்தர் இருந்தாரு. அவர் வீட்டுலதான் முதல் டிவி, கறுப்பு வெள்ளை. லயத்துல கரண்ட் ஏது? பேட்டரிதான். சனிக்கிழமை பேட்டரியை டவுனுக்குக் கொண்டு போய் சார்ஜ் போட்டு, ரெண்டு பேர் கம்புல கட்டித் தூக்கிக்கிட்டு வருவாங்க. சாமி ஊர்வலம் தோத்துப் போகும். பின்னால நாங்க பசங்க எல்லாம்.

தமிழ்ப் படம் போட்டா உள்ள இடம் இருக்காது, முன் திண்ணை, இஸ்தோப்பு நிறைஞ்சு வாசல் வரைக்கும் ஆளுங்க. எனக்கு முன்னால எப்பவும் ஒரு பாட்டி. தம்பி சொன்ன தலை அதுதான். கொண்டை, கொண்டைக்கு மேல முக்காடு, முக்காட்டுக்கு மேல கம்பளி. அந்தத் தலைக்குப் பின்னால உட்கார்ந்தா டிவி இருக்கிற திசை மட்டும்தான் தெரியும்.

ஆனா அந்தத் தலை குனிஞ்சா சோகக் காட்சி. ஆடினா பாட்டு. திடீர்னு நிமிர்ந்தா வில்லன் வந்துட்டான். "அடேய், பின்னால வர்றான்டா, திரும்பிப் பாருடா!"ன்னு ஹீரோவுக்கு எச்சரிக்கை வேற போகும். ஹீரோ திரும்பிப் பார்த்தா, "நான் சொன்னதாலதான் பொழைச்சான்"னு பெருமை. முந்தானையால மூஞ்சியை மூடினா அது எங்களை மாதிரிப் பசங்க பார்க்கக் கூடாத சீன். தலை எங்கங்க மறைச்சுச்சு? எங்களுக்குப் படம் ஓட்டினதே அந்தத் தலைதான்! இப்ப தட்டுங்க. முன்ன தட்டினவங்களும் தட்டலாம், மன்னிச்சுட்டேன்.

ஒருநாள் ஒரு சண்டைப் படம். பேர் சொல்ல மாட்டேன், அந்த ஹீரோவோட ரசிகருங்க இங்க முன்வரிசையிலயே இருக்காங்க. கடைசிக் கட்டம். ஹீரோவைத் தூண்ல கட்டியாச்சு, அம்மாவைக் கட்டியாச்சு, தங்கச்சியைக் கட்டியாச்சு. வில்லன் வெடிக்குத் திரி பத்த வச்சுட்டான். பேட்டரி இறங்கத் தொடங்கிச்சு. இறங்கினா படம் ரெண்டு பக்கத்தாலயும் ஒடுங்கும், பார்த்தவங்களுக்குத் தெரியும். ஹீரோ இளைக்கிறான். வில்லனும் இளைக்கிறான். தங்கச்சி ஏற்கெனவே ஒல்லி, அவளைக் காணவே காணோம். கடைசியில நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி, அதுவும் போச்சு.

திரி எரியுது. ஹீரோ கட்டுல. டிவி செத்துப் போச்சு. மாமா பேட்டரியை ரெண்டு தட்டுத் தட்டினாரு. பாட்டி டிவியையே தட்டினா. ஒண்ணும் நடக்கல.

நடுவர் ஐயா, மணியில கையை வைக்காதீங்க, என் பேட்டரி இன்னும் இறங்கல.

விடிஞ்சதும் வேலைக்குப் பேர் குடுக்கிற பிரட்டுக்களத்துல ஆரம்பிச்சது கதை. "அவன் எப்படித் தப்பிச்சிருப்பான்?" கொழுந்து மலையில ஆளுக்கு ஒரு முடிவு. மேல் நிரையில எடுத்த பொம்பளைங்க கணக்குல தங்கச்சி பல்லாலயே கயித்தைக் கடிச்சு அறுத்தா. கீழ் நிரையில மழை வந்து திரி அணைஞ்சுது. நம்ம ஊர் மழைக்கு அது பெரிய விஷயமா? சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தராசுக்குப் பக்கத்துல நின்னு ரெண்டு நிரைக்கும் சண்டை. கணக்கப்பிள்ளை நிறுக்கிறதை விட்டுட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. அப்பத்தான் பாட்டி கூடையை இறக்கி வச்சுட்டுத் தீர்ப்புச் சொன்னா. "ஹீரோ அவனைக் கொல்லல. கையோட தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்து, ஆடி மழையில தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட விட்டுட்டான். இனி எந்தக் காலத்துலயும் தப்புப் பண்ண மாட்டான்."

வில்லனுக்கு இதை விடத் தண்டனை எவன் எழுதியிருக்கான்? அதுவும் பொழுதுக்கும் வெட்டி அரைப் பேருக்கு, அரை நாள் சம்பளத்துக்கு!

தம்பி உடனே கேப்பாரு, "அந்தப் படம் இப்ப போன்லயே கிடைக்குமே"ன்னு. கிடைச்சுது. பார்த்தேன். ராத்திரியில தனியா, ரீலோட் போட்டு, காதுல இயர்போனை மாட்டிக்கிட்டுப் பார்த்தேன். ஹீரோ தோளைக் குலுக்கினான், கயிறு அறுந்துது. எல்லாம் முடிஞ்ச பிறகு போலீஸ் வந்துச்சு. வணக்கம் போட்டுட்டாங்க. இதுக்காடா இத்தனை வருஷம் காத்திருந்தேன்! பக்கத்துல திட்டுறதுக்குக் கூட ஒரு ஆள் இல்ல.

எதிரணியில காமிக்ஸைப் பத்தி ஒரு தங்கச்சி சொன்னாங்க, வாசிப்பு தனியாச் செய்யிற காரியம்னு. லயத்துல யாரும்மா தனியா வாசிச்சது? சிவகாசியில 1972ல முத்து காமிக்ஸ் தொடங்கி, இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ல விட்டாங்க. எங்களுக்கு வந்து சேர்ந்தது அட்டை போன ஒரே ஒரு பிரதி. ஒருத்தன் மடியில புத்தகம், சுத்தி எல்லாத் தலையும், பக்கத்தைப் புரட்ட எல்லார் சம்மதமும் வேணும். அதுல மாயாவிக்கு மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். எங்களுக்கு அதுல ஒரே கவலை. இந்த ஆள் எங்க லயத்துக்கு வந்தா எப்படி மறைவான்? 2022ல நாட்டுலயே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்டை வெட்டினாங்களே, அப்ப மாயாவிக்கு வேலையே போயிருக்கும். உங்க ஸ்ட்ரீமிங்கும் அன்னைக்கு மாயாவியாத்தான் போச்சு தம்பி, கை கூடத் தெரியல.

கார்ட்டூனும் அப்படித்தான். டைட்டஸ் தொட்டவத்தன்னு ஒரு மேதை, பக்ஸ் பனி முயலைச் சிங்களத்துல பேச வச்சாரு. டவுன் கடையில வேலை செஞ்ச அண்ணன் ஒருத்தர்தான் எங்களுக்கு சப்டைட்டில். பாதி அந்த முயல் சொன்னது, மீதி அண்ணனே கட்டி விட்டது. சிரிப்பு வந்ததெல்லாம் அந்த மீதிக்குத்தான்.

எம்.ஜி.ஆர் பிறந்த நாவலப்பிட்டி இங்கேயிருந்து கினிகத்தேனை வழியா இறங்கினா வந்துடும். அவரைப் போன்ல பார்த்து யாராவது விசில் அடிச்சிருக்கீங்களா? அவ்வளவுதான், மேல போவோம்.

சூப்பர் ஹீரோ படம் தெரியாதவங்கன்னு எங்க அணியைச் சொன்னாங்க. தெரியும்ங்க. 2018ல வந்த அவெஞ்சர்ஸ் படத்துல வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்கினான், பாதி உயிர் தூசாப் போச்சு. 2019ல வந்த எண்ட்கேம்லதான் திரும்பி வந்தாங்க. கதைக்குள்ள அஞ்சு வருஷம்! எங்க காமன் கூத்துல சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தா மன்மதன் சாம்பல். மூணாம் நாளே எழுப்பி விட்டுடுவோம். ரதி அஞ்சு வருஷம் அழுதா தோட்டத்துல எவன் வேலைக்குப் போவான்? அதே எண்ட்கேம்ல தமிழ்ல அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் குடுத்ததுக்கு ரசிகர்கள் அந்தக் குமுறு குமுறினாங்க. எனக்கும் பிடிக்கலதான். ஆனா தியேட்டர்ல பக்கத்துல நாலு பேர் சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன், கோபம் அங்கேயே போயிடுச்சு. வீட்டுல தனியா இருந்து கேட்டவன் இன்னும் ஆறல.

மணி அடிச்சாச்சு. ஒரு நிமிஷம் ஐயா, இது என் வீட்டுக் கதை.

எங்க அக்கா குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருந்தா. ரெண்டு பிள்ளைங்களை எங்கம்மாகிட்ட விட்டுட்டுப் போனவ. எந்தப் படம் வந்தாலும் ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வச்சுட்டு, கட்டில்ல படுத்துக்கிட்டுப் போன்ல பார்ப்பா. அவளுக்கு முன்னால எந்தத் தலையும் இல்ல, தம்பி. சுத்தமான ஸ்கிரீன். ஒரு மாசி மாசம் காமன் எரியிற அன்னைக்கு வீடியோ கால்ல வந்தா. கூத்தைக் காட்டச் சொன்னா. நானும் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தப்பு அடி காதைப் பிளக்குது, மன்மதன் வர்றான், ரதி வர்றா, வீரபத்திரன் குதிக்கிறான். கை வலிக்க வலிக்கக் காட்டிக்கிட்டே இருக்கேன்.

அக்கா போன்ல கத்துறா. "மன்மதனை எனக்குத் தெரியும்டா! போனைத் திருப்பு, ஆளுங்களைக் காட்டு!"

திருப்பினேன். ஒவ்வொருத்தராப் பேர் சொன்னா. "அது மாமா மகளா, இம்புட்டு வளர்ந்துட்டாளா? கம்பளி போர்த்திக்கிட்டு முன்னால இருக்கிறது யாரு, பாட்டியா?" பாட்டி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு, அவளுக்கும் தெரியும். அந்த இடத்துல இப்ப நம்ம அம்மாதான் உட்கார்றான்னேன். பின்பக்கம்தான் தெரியுது, கூப்பிடட்டுமான்னேன்.

"வேணாம், கூப்பிடாத. கூத்துப் பார்க்கட்டும். நீ கொஞ்சம் கிட்டப் போ. எனக்கு அம்மா தலை தெரிஞ்சாப் போதும்."

அடுத்துப் பேச வர்ற தங்கச்சி இதுக்குப் பதில் வச்சிருந்தாச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.