பழைய ஸ்கூபா செட்டு கைக்கு வந்துருச்சு, என்ன பண்ணலாம்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணா, பாண்டில ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்ட காலி பண்ணப்ப எங்க மாமா ஒரு ஸ்கூபா செட்ட (தண்ணிக்கடியில மூச்சு விட்டு நீந்துற சாமான்) சல்லிசா வாங்கிட்டு வந்துட்டாரு, இரும்பு சிலிண்டர், ரெகுலேட்டர், ஜாக்கெட், வெட்சூட், ஃபின்ஸ், ஈயக்கட்டி எல்லாம் இருக்கு, பரண்ல கெடக்கு, சிலிண்டர்ல இன்னும் காத்து இருக்கு போல, வித்துடலாமா இல்ல சரி பண்ணி நாங்களே யூஸ் பண்ணலாமா, மாமா என்னடான்னா தாழங்குடால படகு வெச்சிருக்க நம்ம பசங்களுக்கு குடுத்துடலாம், ப்ரொப்பல்லர்ல வலை சுத்துனா இறங்கி அறுக்க ஆகும்ங்குறாரு".

தம்பி, மொத்த செட்டுக்கும் சேத்து ஒரே பதில் கெடையாது. மூச்சு விடுற சாமான் வேற, மத்த சாமான் வேற, அப்படி பிரிச்சு வெச்சுக்கங்க.

மொதல்ல அந்த சிலிண்டர பரண்லேர்ந்து இறக்குங்க, ஷீட் போட்ட வீடா இருந்தா இன்னைக்கே இறக்குங்க, சித்திரை வெயில்ல மேல என்ன சூடு இருக்கும்னு கடலூர்காரங்களுக்கு நான் சொல்லணுமா. கார் டயர்ல 32 பிஎஸ்ஐ அடிக்கிறோம், இதுல முழுசா நிரப்புனா 3000 பிஎஸ்ஐ, அதாவது 200 பார் சொச்சம். 12 லிட்டர் சிலிண்டர்னா 2400 லிட்டர் காத்த உள்ள அமுக்கி வெச்சிருக்குன்னு அர்த்தம். உள்ள கொஞ்சம்தான் இருக்குன்னு நெனச்சு தூக்கிப் போட்டு வெளாடாதீங்க, வால்வு ஒடஞ்சா சிலிண்டர் நிக்கிற எடத்துல நிக்காது.

இன்னொன்னு, அதுல இருக்க காத்த வாயில வெச்சு இழுத்துப் பாக்காதீங்க, இது நெறைய பேருக்கு தெரியாது. இரும்பு சிலிண்டருக்குள்ள கொஞ்சம் தண்ணி, அதுவும் உப்புத் தண்ணி போயிருந்தா உள்ள துரு பிடிக்கும், துரு பிடிக்கிறதுக்கு ஆக்சிஜன் வேணும், அது உள்ள இருக்க காத்துலேர்ந்துதான் போகும், வருஷக்கணக்கா மூடியே கெடந்தா உள்ள மிச்சம் இருக்கறது கிட்டத்தட்ட வெறும் நைட்ரஜனா கூட இருக்கலாம். வாசனை வராது, மூச்சு முட்டுற மாதிரியும் இருக்காது, நேரா மயக்கம்தான். அதனால வெளில திறந்த எடத்துல, உருளாம சாச்சு வெச்சு, வால்வ ரொம்ப மெதுவா திறந்து காத்த விட்டுடுங்க, அவசரமே வேணாம், வேகமா விட்டா வால்வுல பனி கட்டும்.

அப்புறம் கழுத்துல பாருங்க, எழுத்து வெட்டியிருப்பாங்க, எத்தன பார், எத்தன லிட்டர், கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணாங்க எல்லாம் இருக்கும். ஹைட்ரோ டெஸ்ட்னு சொல்வாங்க, தண்ணிய நிரப்பி வேலை செய்ற பிரஷர விட அதிகமா ஏத்தி சிலிண்டர் எவ்ளோ விரியுது, திரும்ப சுருங்குதான்னு பாக்கறது, அமெரிக்காவுல அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ கட்டாயம். பிரான்சுலேர்ந்து வந்த சிலிண்டர்ல இன்னொரு வில்லங்கம் இருக்கு, அங்க வால்வு மாட்டுற மரை 25 மில்லி மெட்ரிக், அமெரிக்க சிலிண்டர்ல முக்கால் இன்ச். முக்கால் இன்ச் கழுத்துல மெட்ரிக் வால்வ போட்டா லூசா ஏறும், பிடிச்ச மாதிரியும் தெரியும், நிரப்பும்போது பிச்சிக்கிட்டு பறக்கும். வெளிநாட்டுல இதுல ஆள் செத்திருக்காங்க. கைமாறி கைமாறி வந்த சிலிண்டர்ல யாரு எந்த வால்வ மாத்துனாங்கன்னு எவனுக்கு தெரியும்?

இதெல்லாம் தாண்டி சட்டம் வேற இருக்கு. நம்ம ஊர்ல நாக்பூர்ல தலைமையகம் இருக்க பெசோ, அதாவது வெடிபொருள் பாதுகாப்பு துறை, அவங்க ஒத்துக்கிட்ட சிலிண்டர்லதான் காத்து நிரப்பலாம், 2016 கேஸ் சிலிண்டர் விதில அப்படித்தான் இருக்கு. யாரோ பெட்டில போட்டு கொண்டாந்த சிலிண்டர உருப்படியான டைவ் சென்டர் எதுவும் நிரப்பித் தராது, தரேன்னு ஒருத்தன் சொன்னா அவன்கிட்ட எதையும் நிரப்பாதீங்க. ஆக சிலிண்டருக்கு என் தீர்ப்பு காயலாங்கடைதான், ஆனா அப்படியே தூக்கி போடாதீங்க, காத்த முழுசா விட்டு, தெரிஞ்ச ஆள வெச்சு வால்வ கழட்டி கழுத்து ஓட்டையா தெரியற மாதிரி குடுங்க, மூடுன சிலிண்டர்ல கேஸ் கட்டர் வெச்சா அந்த கடைக்காரர் கதி என்னாகும்.

இத பாக்குற வேற யாருக்காவது பழைய அலுமினிய சிலிண்டர் கெடச்சிருந்தா அவங்களுக்கும் ஒரு வார்த்தை. 1988க்கு முன்னாடி அமெரிக்க லக்ஸ்ஃபர் கம்பெனி செஞ்சதுல 6351ங்கிற அலுமினியக் கலவை போட்டாங்க, அதுல கழுத்துகிட்ட மெல்ல விரிசல் விடுற பழக்கம் இருந்துச்சு, அப்புறம் 6061க்கு மாறிட்டாங்க. பழசுன்னா தொடவே வேணாம். புதுசா தெரியணும்னு சூளைல வெச்சு பெயிண்ட் அடிச்சதுன்னா அதுவும் வேணாம், சூடு ஏறுனா அலுமினியம் பலம் போயிடும்.

இப்ப ரெகுலேட்டருக்கு வருவோம், சிலிண்டர் காத்தோட பிரஷர கொறச்சு வாய்க்கு குடுக்கற சாமான். இதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய ஐட்டம், பித்தளைல குரோம் பூசுன உடம்பு, அது அவ்ளோ சீக்கிரம் கெடாது, கெடறது உள்ள இருக்க ரப்பரு, ஓ ரிங்கு, சீட்டு, டயாப்ரம், அப்புறம் ஹோஸ். சிலிண்டர்ல மாட்டுற வாய்ல ஒரு சின்ன ஃபில்டர் தெரியும் பாருங்க, அது பச்சையா இருந்தா கடல் தண்ணி உள்ள போயிருக்கு, செங்கல் கலர்ல இருந்தா சிலிண்டர் துரு ஏறி வந்திருக்குன்னு அர்த்தம். ஹோஸ மாட்டுற எடத்துல ரப்பர் உறை இருந்தா தள்ளிட்டு பாருங்க, வெடிப்பு அதுக்கு கீழதான் ஒளிஞ்சிருக்கும். வாயில வைக்கிற பாகத்த சோப்பு போட்டு கழுவிட்டு (பரண் சாமான்ல கரப்பான் முட்டை இல்லாம இருந்தா அதிசயம்), மூடிய இறுக்கி மாட்டிட்டு லேசா உறிஞ்சிப் பாருங்க, காத்தே வரக்கூடாது, வந்தா டயாப்ரமோ வெளிமூச்சு வால்வோ போச்சு, தண்ணிக்குள்ள அதே வழியாத்தான் தண்ணி வரும்.

இதெல்லாம் பாஸ் ஆனாலும் டைவ் பண்ண ரெடின்னு அர்த்தம் இல்ல. அந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இன்னும் கெடைக்குதான்னு மொதல்ல கேளுங்க, கெடைக்கலன்னா கதை முடிஞ்சுது. கெடச்சாலும் கிட்டு, புது ஹோஸு, கூலி, கூரியர்னு கணக்கு போட்டா புது பேசிக் ரெகுலேட்டர் விலை பக்கத்துல போய் நிக்கும், நானா இருந்தா புதுசுதான் வாங்குவேன். ஆனா ஒன்னு, வாய்லேர்ந்து ரெண்டு தடி ஹோஸ் கழுத்த சுத்தி பின்னாடி போற மாதிரி பழைய டைப்பா இருந்து அதுல ஸ்பைரோடெக்னிக்னு எழுதியிருந்தா தயவுசெஞ்சு கழட்டாதீங்க, தேய்க்காதீங்க. 1943ல பிரெஞ்சு கடல் ஆராய்ச்சியாளர் கூஸ்டோவும் இன்ஜினியர் காஞ்ஞானும் கண்டுபிடிச்ச ஐடியாவ 1946லேர்ந்து வித்த கம்பெனி அது, சேகரிக்கிறவங்க தேடுற பொருள்.

ஜாக்கெட்ட (காத்து ஏத்தி இறக்கி தண்ணில மிதக்க, மூழ்க வைக்கிறது) வாயால நல்லா ஊதி டைட்டா ஆக்கி ராத்திரி பூரா விடுங்க, காலைல தொங்குச்சுன்னா குப்பை. தொங்கலன்னாலும் அந்த காத்து ஏத்துற பட்டன் உப்புல சிக்குற கேஸ் நெறைய, 10 மீட்டர் ஆழத்துல பட்டன் மாட்டிக்கிட்டு நீங்க மேல சொய்ங்னு வந்தா நுரையீரல்ல இருக்க காத்து ரெண்டு மடங்கா விரியும், அது வெளாட்டு இல்ல. குளிர் தாங்க போடுற வெட்சூட்டு காஞ்ச தோசை மாதிரி சப்பையா, வெறப்பா இருந்தா தூக்கிப் போடுங்க. ஃபின்ஸ், அதான் கால்ல மாட்டுற துடுப்பு, வெடிக்காம இருந்தா தாராளமா யூஸ் பண்ணுங்க. ஈயக்கட்டிய மட்டும் யாருக்கும் சும்மா குடுத்துடாதீங்க, இந்த செட்டுலயே வயசானாலும் மதிப்பு கொறையாத ஒரே சாமான் அதுதான்.

மாமா ஐடியா, அது வேணவே வேணாம். மாமா நல்ல மனசுலதான் சொல்றாரு, ஆனா படிக்காம அத மாட்டிக்கிட்டு இறங்குற பையன் பயத்துல மூச்ச அடக்கிக்கிட்டு மேல வந்தான்னா ஒன்னரை மீட்டர் ஆழமே போதும் நுரையீரல் கிழிய. காத்து தீந்ததும் அடுத்து எங்க போவாங்க? டயர் கடை கம்ப்ரஸர் பத்து பார் தாண்டாது, அதுலயும் எண்ணெய் புகை கலந்து வரும். ஆஸ்பத்திரி ஆக்சிஜன நிரப்பலாமான்னு கேட்டவங்க கூட உண்டு, சுத்த ஆக்சிஜன் 6 மீட்டருக்கு கீழ போனா வலிப்பு வரவைக்கும், எண்ணெய் பட்ட சாமான்ல நிரப்பும்போதே தீப்பிடிக்கும். வலை அறுக்க மாஸ்க்கு, ஃபின்ஸு, ஒரு நல்ல கத்தி, மூச்சடக்கி இறங்குறது, இன்ஜின் சாவி மேல இருக்க ஆள் கையில, பசங்களுக்கு அந்த ஃபின்ஸ குடுங்க போதும்.

விக்கிறதுன்னா ரெகுலேட்டரயும் ஜாக்கெட்டயும் "ஷோவுக்கு மட்டும், டைவுக்கு இல்ல"ன்னு எழுதியே வில்லுங்க, ஒயிட் டவுன் பக்கம் கஃபே வெச்சிருக்கவங்க சுவத்துல மாட்ட வாங்குவாங்க. வாங்குறவர் டைவ் பண்ணத்தான் கேக்குறாருன்னு தெரிஞ்சா விக்காதீங்க, எவ்ளோ குடுத்தாலும். அந்த ரெகுலேட்டர் போட்டோ ஒன்னு, ஃபில்டர் தெரியற மாதிரி கிட்டத்துல எடுத்து அனுப்புங்க தம்பி, எந்த மாடல்னு பாத்து சொல்றேன். சரி, அடுத்த கேள்வி பாப்போம்.