இலவசம் என்ற ஒரு சொல்

(வணிகவியல் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச அழைத்திருக்கிறீர்கள். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

என் வேலை இணைய விளம்பரம். ஒரு செருப்பைப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டால், அது ஒரு வாரத்துக்கு உங்களைத் துரத்துகிறதே, அந்தத் துரத்தலுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களில் நானும் ஒருவன். இது திங்கள் முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை காலையில், சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் செலவில் ஒரு பங்கைக் கொடுத்து உதவும் சின்ன அறக்கட்டளை ஒன்றில் இருப்பேன். அங்கேயும் விளம்பர வேலைதான். சம்பளம் கிடையாது, டீ உண்டு.

முதலில் நான் எழுதிய விளம்பரம் ‘சிறுநீரகச் செயலிழப்பு நிதியுதவி’ என்று சுத்தத் தமிழில் இருந்தது. ஒருத்தரும் வரவில்லை. அப்புறம்தான் மக்கள் உண்மையில் என்ன தட்டுகிறார்கள் என்று காட்டும் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். ‘கிட்னி பெயிலியர்’ என்றுதான் தேடுகிறார்கள், அதையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். ‘கிரியாட்டினின் 7 என்ன செய்வது’ (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கழிவு). ‘டயாலிசிஸ் ஒரு தடவைக்கு எவ்வளவு.’ ஒருவர் ‘டயாலிசிஸ் நிறுத்தினால் எத்தனை நாள்’ என்று கேட்டிருந்தார். பல தேடல்கள் இரவு ஒரு மணிக்கு மேல் வந்தவை. செருப்பு விற்கும்போது இதே அறிக்கையை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அதில் வரும் வரிகளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

விளம்பரத்துக்குப் பணம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். கூகுள் நிறுவனம் 2003 முதல் தொண்டு அமைப்புகளுக்கு விளம்பர மானியம் தருகிறது. மாதம் 10,000 டாலர் வரை. பணமாக அல்ல, தேடல் பக்கத்தில் விளம்பர இடமாக. நாளுக்கு 329 டாலர் என்று கணக்கு, செலவழிக்காதது அடுத்த மாதத்துக்கு வராது. மருத்துவமனைகளுக்கு இந்த மானியம் இல்லை, அவற்றோடு இணைந்த அறக்கட்டளைகளுக்கு உண்டு. கேட்க ராஜ வாழ்க்கை மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் காசு கொடுத்து விளம்பரம் செய்கிறவர்களுக்குக் கீழேதான் நமக்கு இடம். எந்தச் சொல்லைத் தேடினால் யார் விளம்பரம் வரும் என்பது ஏலத்தில் முடிவாகிற விஷயம். தனியார் மருத்துவமனைகள் போட்டி போட்டு ஏலம் கேட்கும் சொற்களில் நம் விளம்பரம் தலைகாட்டினாலே பெரிய விஷயம்.

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. நூறு பேர் கண்ணில் பட்டால் ஐந்து பேராவது கிளிக் செய்ய வேண்டும். அதற்குக் கீழே தொடர்ந்து இருந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். எங்களுக்கு நாலு, நாலரை என்று இழுத்துக்கொண்டிருந்தது. தலைப்புக்கு மொத்தம் 30 எழுத்துத்தான் இடம். அதிலும் ‘கி’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு: ‘க’ ஒன்று, மேலே போடும் கொக்கி ஒன்று. புள்ளியையும் தனியாக எண்ணும். தமிழில் விளம்பரம் எழுதுகிறவன் பாடு அப்படி.

அதனால் ‘இலவச டயாலிசிஸ்’ என்று போட்டேன். பதினான்கில் முடிந்துவிட்டது. கிளிக் எட்டு சதவீதத்துக்கு ஏறியது. அலுவலக நண்பர்களிடம் பெருமையாகக் காட்டினேன்.

மூன்றாவது சனிக்கிழமை, போளூர் பக்கமிருந்து ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். விடிகாலை பஸ் ஏறியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். கையில் மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட்டுகள். கணவர் போனை நீட்டினார். திரையில் என் விளம்பரம். படம் பிடித்து வைத்திருந்தார், எங்கே அழிந்துவிடுமோ என்று. நாங்கள் ஒரு பங்குதான் கொடுப்போம், மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று எங்கள் அறக்கட்டளை அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார். வந்தவர் கோபப்படவில்லை. “இலவசம்னு போட்டிருக்கே சார்” என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார். அதை எழுதியவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு, டயாலிசிஸும் அதில் வரும். அவரிடம் அந்தக் காப்பீட்டு அட்டை இல்லை. அதற்கு என்னென்ன வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தோம். பஸ் கட்டணத்தையும் கொடுத்தோம், வாங்கவே மாட்டேன் என்றார்.

நம் நாட்டில் 1954-இல் ஒரு சட்டம் வந்தது. புற்றுநோய், நீரிழிவு போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்கிற சட்டம். அந்தச் சட்டத்தின் கண்ணில் படுகிறவர்கள் லேகிய வியாபாரிகள். என்னைப் போன்ற நல்லெண்ணக்காரர்கள் அதில் மாட்ட மாட்டோம். நான் மருந்து விற்கவில்லையே, உதவிதானே செய்கிறேன்! இந்த நினைப்பு லேகியத்தைவிட ஆபத்தானது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு இன்னொன்றும் செய்தேன். உதவி கேட்டு விண்ணப்பிக்கும் பக்கத்தில், யார் வந்தார்கள் என்று விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லும் கண்காணிப்பு நிரல் ஒன்றை வைத்திருந்தேன். பழக்க தோஷம், எந்தப் பக்கம் செய்தாலும் கை தானாக அதை ஒட்டிவிடும். நோயை வைத்து ஒருவரைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்ட கூகுள் விதியே அனுமதிப்பதில்லை. விதி இருக்கட்டும், இன்னாருக்கு டயாலிசிஸ் என்று எவனுக்கோ நான் ஏன் சொல்ல வேண்டும்? எடுத்துவிட்டேன். நன்கொடைப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. கொடுக்கிறவர்களைத் துரத்துவதில் எனக்குக் கூச்சம் இல்லை, வரிக் கணக்கு முடிகிற மார்ச் மாதத்தில் கொஞ்சம் அதிகமாகவே துரத்துவேன்.

விளம்பரத்தையும் மாற்றினேன். எட்டு சதவீதம் ஆறாக இறங்கியது, போனில் வீண் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. இடம் போதாததால்தான் ‘இலவசம்’ என்று போட வேண்டியதாயிற்று என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புதிய தலைப்பு ‘டயாலிசிஸ் செலவில் ஒரு பங்கு’. ஒருநாள் உட்கார்ந்து, கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு. இன்னும் மூன்று எழுத்துக்கு இடம் மிச்சம் இருந்தது.